புஸ்பாகோம் தாள் ஒன்று போதுமா? பழைய காரின் பரிசோதனை வரலாற்றைத் தேடி எடுக்கும் முறை

கேள்வியின் சுருக்கம் இது. சுங்கை சிப்புட் வட்டாரத்தில் செம்பனை ஆலையொன்றில் வேலை செய்யும் தம்பி ஒருவர், பக்கத்துத் தோட்டத்தில் விலைக்கு வந்திருக்கும் 2012ஆம் ஆண்டு பெரோடுவா மைவி 1.3 ஆட்டோ காரை 16,500 ரிங்கிட்டுக்கு வாங்க எண்ணியிருக்கிறார். மீட்டர் 92,000 கிலோமீட்டர் காட்டுகிறது. விற்பவர் நான்கு மாதங்களுக்கு முன் எடுத்த புஸ்பாகோம் (வாகனப் பரிசோதனை நிறுவனம்) பி5 தாளை நீட்டி, "பாஸ் ஆன வண்டி, தைரியமாக எடுக்கலாம்" என்கிறாராம். அந்தத் தாளை நம்பலாமா, காரின் பழைய பரிசோதனை முடிவுகளைப் பிளேட் எண்ணைத் தட்டி எங்கேனும் பார்க்க முடியுமா என்று தம்பி கேட்கிறார்.

இந்த ஊரில் இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சாலை வரியும் காப்புறுதியும் புதுப்பித்துக் கொடுக்கும் கடை நடத்துகிறேன். பெயர் மாற்றத்திற்காக வண்டிகளை ஈப்போவுக்குக் கொண்டுபோய்ப் பரிசோதனையில் நிறுத்திய நாள்களும் கணக்கில் அடங்காது. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: அப்படி ஒரே இடத்தில் பார்த்துவிடக்கூடிய வரலாறு நம் நாட்டில் தனியார் கார்களுக்கு இல்லை. பிரிட்டனில் கார் மூன்று வயதைத் தொட்டதும் ஆண்டுதோறும் கட்டாயப் பரிசோதனை உண்டு. அதன் முடிவும் அன்றைய மீட்டர் கணக்கும் அரசாங்க இணையத்தளத்தில் பிளேட் எண்ணைத் தட்டும் எவருக்கும் இலவசமாகத் தெரியும். சிங்கப்பூரிலும் மூன்று வயதிலிருந்து ஈராண்டுக்கு ஒருமுறையும் பத்து வயதுக்குப் பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும் கார் பரிசோதனைக்குப் போக வேண்டும். நம்மிடம் லாரி, பேருந்து போன்ற வர்த்தக வாகனங்கள்தாம் ஆறு மாதத்திற்கு ஒருமுறை போகின்றன. சொந்தக் கார் ஒன்று பதிவான நாளிலிருந்து பதின்மூன்று ஆண்டுகள் ஒரே கையில் இருந்தால், அந்தப் பதின்மூன்று ஆண்டுகளில் ஒருமுறைகூட எந்தப் பரிசோதனைக் கூடத்தின் வாசலையும் மிதிக்காமல் இருந்திருக்கலாம். அது சட்டப்படி குற்றமும் இல்லை. ஆகவே வரலாறு வேண்டுமானால், சிதறிக் கிடக்கும் நான்கைந்து காகிதங்களை ஒன்று சேர்த்து, ஒன்றில் உள்ள தேதியையும் எண்ணையும் மற்றொன்றோடு ஒத்துப் பார்த்து நாம்தான் அதை உருவாக்கிக்கொள்ள வேண்டும்.

முதலில் கையில் இருக்கும் அந்தப் பி5 தாளைப் பார்ப்போம். புஸ்பாகோம் 1994இல் தொடங்கி முப்பது ஆண்டுகள் இந்த வேலையைத் தனியுரிமையாகச் செய்துவந்தது. 2024 செப்டம்பரிலிருந்து மற்ற நிறுவனங்களுக்கும் இத்துறை திறந்துவிடப்பட்டிருக்கிறது. யார் செய்தாலும் பி5 என்பது பெயர் மாற்றத்திற்கான பரிசோதனை. கிரானில் (வண்டியின் உரிமைச் சான்றிதழில்) எழுதியிருக்கும் எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் பொறித்திருக்கும் எண்களும் ஒன்றா, அவை சுரண்டப்பட்டோ மறுபடி அடிக்கப்பட்டோ இருக்கின்றனவா, பிளேட் எண் விதிப்படி இருக்கிறதா, கண்ணாடிக் கறுப்பு அளவுக்குள் இருக்கிறதா என்பவைதாம் அதில் முக்கியமாகப் பார்க்கப்படும். நான் கொண்டுபோன வண்டிகளில் தோற்றவை பெரும்பாலும் கறுப்புத்தாளால் தோற்றவை. முன் கண்ணாடி 70 விழுக்காடும் முன் கதவுக் கண்ணாடிகள் 50 விழுக்காடும் வெளிச்சத்தை விட வேண்டும் என்ற விதியை மறந்துவிட்டு, கருங்குகை போல ஒட்டிக்கொண்டு வருவார்கள். அந்தக் கறுப்புத்தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுநாள் போனால் அதே வண்டி பாஸ் ஆகிவிடும். இந்த வண்டி கிரானில் உள்ள அதே வண்டிதான் என்று பி5 சொல்கிறது. கியர் பெட்டி இன்னும் எத்தனை நாள் உழைக்கும் என்று அதனிடம் கேட்கக் கூடாது.

வாடகைக் கொள்முதல் கடனுக்கு வங்கி கேட்கும் பி7 இதைவிட ஆழமானது. பிரேக், புகை, சக்கரம் நேராக ஓடுகிறதா என்பது, வண்டியின் அடிப்பாகம் ஆகியவை அதில் சோதிக்கப்படும். தம்பி கூட்டுறவுக் கடனெடுத்து ரொக்கமாக வாங்குவதால் யாரும் பி7 கேட்கப்போவதில்லை. அதனாலேயே நீங்கள் கேட்க வேண்டும் என்பேன். பெயர் மாற்றத்திற்காக எப்படியும் வண்டி பரிசோதனைக்குப் போகும். அன்றே கூடுதல் கட்டணம் கட்டி முழுப் பரிசோதனையும் செய்துகொள்வதாகவும் செலவு உங்களுடையது என்றும் சொல்லிப் பாருங்கள். நேர்மையான விற்பனையாளருக்கு அதில் ஒரு காசு நட்டமும் இல்லை. தாள் கைக்கு வந்ததும் "லுலுஸ்" (தேர்ச்சி) என்ற சொல்லோடு நிறுத்திவிடாமல், அது முதல் பரிசோதனையா மறுபரிசோதனையா என்று பாருங்கள். மறுபரிசோதனை என்றால் முதலில் எதில் தோற்றது என்று எழுதிய தாள் ஒன்று எங்கோ இருக்கும். நான் பார்க்க விரும்புவது அந்தத் தாளைத்தான்.

எண்கள் சரியாக இருந்தும் வண்டி தவறாக இருக்க முடியுமா என்றால், முடியும். அதை என் வீட்டிலேயே பார்த்தேன். 2009இல் என் மச்சானுக்காக ஒரு பழைய புரோட்டோன் வீரா காரை நானே முன்னின்று வாங்கிக் கொடுத்தேன். எஞ்சின் எண், சேசிஸ் எண் இரண்டும் அச்சுப் பிசகாமல் கிரானோடு பொருந்தின, பி5 ஒரே தடவையில் பாஸ் ஆனது. இரண்டு மாதம் கழித்து மழைத் தண்ணீர் பின் பூட்டுக்குள் (சாமான் வைக்கும் இடத்துக்குள்) இறங்குகிறது என்று போமனிடம் (வண்டி பழுதுபார்ப்பவரிடம்) விட்டோம். அவர் பின் இருக்கையைக் கழற்றி, கம்பளத்தை உரித்து, டார்ச் விளக்கைச் சாய்த்துப் பிடித்துக் காட்டினார்: இருக்கைக்கு அடியில், தரையின் குறுக்கே, இடக் கதவுத் தூணிலிருந்து வலக் கதவுத் தூண் வரை புழு ஊர்ந்தது போல ஒரு பற்றவைப்புத் தடம். பின்னால் மோதி நசுங்கிய வண்டியின் பின்பாதியை வெட்டி எறிந்துவிட்டு இன்னொரு வீராவின் பின்பாதியை ஒட்டியிருந்தார்கள். இரண்டு எண்களும் முன்பாதியில் இருந்தவை, முன்பாதி அசல். பரிசோதித்தவர் பொய் சொல்லவில்லை, தாளும் பொய் சொல்லவில்லை. என்னிடம் கேள்வி இல்லாமல் போனதுதான் குறை. விற்ற வியாபாரி கடையை அடைத்துக்கொண்டு போய்விட்டிருந்தார். அன்றிலிருந்து நான் பின் பூட்டைத் திறந்து, ஸ்பேர் டயரைத் தூக்கிப் பார்க்காமல் எந்த வண்டிக்கும் நல்லது கெட்டது சொல்வதில்லை.

அடுத்தது மீட்டர். இந்த வண்டியில் எனக்கு முதலில் உறுத்துவது அந்த 92,000தான். பெரோடுவா சேவை மையத்தில் பார்த்த வண்டியாக இருந்தால், பிளேட் எண்ணை வைத்து அங்குள்ள கணினியில் ஒவ்வொரு வருகையின் தேதியும் அன்றைய கிலோமீட்டரும் இருக்கும். உங்களுக்குத் தனியாகக் கொடுக்கமாட்டார்கள். உரிமையாளர் கேட்டால் எடுத்துத் தருவார்கள், ஆகவே விற்பவரோடு சேர்ந்து போங்கள். உத்தரவாதம் முடிந்ததும் நம் ஆள்கள் பெரும்பாலும் சாலையோரப் போமனிடம் மாறிவிடுவார்கள் என்பதால் முதல் நான்கைந்து ஆண்டுப் பதிவுகள்தாம் கிடைக்கும். அதுவே போதும். 2016இல் 71,000 என்று பதிவாகியிருந்தால், நான்கே ஆண்டுகளில் 71,000 ஓடிய வண்டி அடுத்து வந்த இத்தனை ஆண்டுகளில் வெறும் 21,000 மட்டும் எப்படி ஓடியது என்று கேளுங்கள். பதில் இருக்கலாம்: வேலை ஓய்வு பெற்று, லயத்துக்கும் கோயிலுக்கும் மட்டும் ஓட்டிய பெரியவர்களின் வண்டிகள் இந்த வட்டாரத்தில் உண்மையாகவே உண்டு. ஆனால் அந்தப் பதில் விற்பவர் வாயிலிருந்து தயக்கமில்லாமல் வர வேண்டும்.

சாலையோரப் போமன்களும் ஒரு வரலாறு எழுதுகிறார்கள். நாம்தான் அதைப் படிப்பதில்லை. எண்ணெய் மாற்றியதும் முன் கண்ணாடியின் மேல் மூலையிலோ ஓட்டுநர் கதவுத் தூணிலோ ஒரு சிறு ஸ்டிக்கரை ஒட்டி, அடுத்து எத்தனையாவது கிலோமீட்டரில் மாற்ற வேண்டும் என்று பேனாவால் எழுதிவிடுவார்கள். மீட்டரைச் சுற்றிவிடுபவர்கள் கண்ணாடியில் இருப்பதைச் சுரண்டிவிடுவார்கள். கதவுத் தூணில் இருப்பதையும், பானட்டுக்குள் ஏர் ஃபில்டர் மூடியின் மேல் மார்க்கரில் எழுதியதையும் மறந்துவிடுவார்கள். போன ஆண்டு ஒருவர் கொண்டுவந்த காரில் மீட்டர் 88,000 காட்ட, கதவு விளிம்பில் எண்ணெய்க் கறைக்கு நடுவே "142,500" என்று நீல மையில் தெளிவாக இருந்தது. விற்பவர் அதை என்னோடு சேர்ந்துதான் முதல் முறையாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன், முகம் அப்படி மாறியது. அவரும் ஏமாந்து வாங்கியவராக இருக்கலாம்.

டயரையும் ஒரு காகிதமாக எண்ணிப் படியுங்கள். பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. நான்கு டயர்களும் நான்கு விதமான ஆண்டுகளைக் காட்டினால் செலவைத் தள்ளிப் போட்டே ஓட்டிய வண்டி. கண்ணாடிகளிலும் மூலையில் தயாரிப்பாளர் முத்திரை இருக்கும். ஐந்து கண்ணாடிகள் ஒரு முத்திரையும் ஒரு கதவுக் கண்ணாடி மட்டும் வேறு முத்திரையும் தாங்கியிருந்தால், அந்தக் கதவுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

இனி என் தொழில் சார்ந்த ஒன்று, இதை வாங்குபவர்கள் கேட்பதே இல்லை. உரிமையாளரின் காப்புறுதிப் பத்திரத்தில் உள்ள என்சிடி (இழப்பீடு கோராததற்கான தள்ளுபடி) விழுக்காட்டைப் பாருங்கள். இழப்பீடு கோராமல் ஓராண்டு ஓட்டினால் 25, பிறகு 30, 38.33, 45, ஐந்தாம் ஆண்டு முடிவில் 55 விழுக்காடு என்று தள்ளுபடி ஏறும்; தன் தவற்றால் நேர்ந்த விபத்துக்குத் தன் காப்புறுதியிலேயே இழப்பீடு கோரினால் அது பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். பல ஆண்டுகளாக ஒரே வண்டியை வைத்திருப்பதாகச் சொல்பவரின் பத்திரத்தில் 25 மட்டும் இருந்தால், அண்மையில் ஏதோ ஒரு கோரிக்கை நடந்திருக்கலாம். எதற்கு என்று கேளுங்கள். 55 இருந்தால் மகிழலாம், ஆனால் அளவோடுதான். என்சிடி காரைச் சேர்ந்ததன்று, ஆளைச் சேர்ந்தது. இன்னொரு வண்டியிலிருந்து மாற்றிக்கொண்டும் வந்திருக்கலாம். தவிர, மற்றவர் மோதிய விபத்தில் இழப்பீடு பெற்றாலோ, கைக்காசு போட்டுத் தட்டிச் சாயம் அடித்திருந்தாலோ அது என்சிடியில் தெரியாது. மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் ஆண்டுக்கணக்காக எடுத்து வந்திருந்தாலும் ஒன்றும் தெரியாது. பழைய வண்டிகளுக்கு நம் தோட்டப்புறத்தில் அதுதான் வழக்கம்.

கிரானை வாங்கிப் பார்க்கும்போது உரிமைக் கோரல் என்ற இடத்தில் ஏதேனும் வங்கிப் பெயர் இன்னும் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் கடன் தீரவில்லை, அல்லது தீர்ந்தும் ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்து இலாகாவில்) பெயரை நீக்கவில்லை. இரண்டாவது என்பதற்கு வங்கியின் கடிதம் வேண்டும். மாதத் தவணையை நீங்கள் கட்டி ஓட்டுங்கள், பெயரைப் பிறகு மாற்றலாம் என்னும் "சம்போங் பாயார்" பேச்சு வந்தால் அந்த இடத்தை விட்டு எழுந்துவிடுங்கள். பிறகு விற்பவரை உங்கள் முன்னிலையிலேயே கைப்பேசியில் மைஜேபிஜே செயலியைத் திறக்கச் சொல்லி, சாலை வரி எந்தத் தேதி வரை உள்ளது, வண்டி கறுப்புப் பட்டியலில் இருக்கிறதா, சம்மன் நிலுவை உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சாலை வரி நீண்ட நாள் செத்துக் கிடந்திருந்தால் வண்டியும் எங்கோ செத்துக் கிடந்தது என்று பொருள். எஞ்சின் மாற்றியிருந்தாலோ நிறத்தை மாற்றியிருந்தாலோ அது பரிசோதனைக்குப் போய், ஜேபிஜேயில் பதிவாகி, கிரானில் வந்திருக்க வேண்டும். கிரானில் வெள்ளி நிறம் என்றிருக்க வண்டி வெள்ளையாய் நின்றால், கதவுக் கீல்களுக்குப் பின்னாலும் பானட்டின் அடியிலும் எந்த நிறம் ஒளிந்திருக்கிறது என்று குனிந்து பார்ப்பது நல்லது.

வேடிக்கையான ஒன்றையும் சொல்ல வேண்டும். கிராப் போன்ற இணைய வாடகைக் காராக ஓடிய வண்டிகள் மூன்று வயதுக்கு மேல் ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போயாக வேண்டும் என்பது 2019 முதல் விதி. ஆகவே நம் நாட்டில் ஒழுங்கான பரிசோதனை வரலாறு உள்ள சொந்தக் கார் எது என்றால், ஓடி ஓடி உழைத்துக் களைத்த அந்த வண்டிதான். விற்பவர் பெருமையோடு மூன்று நான்கு ஆண்டுப் பரிசோதனைத் தாள்களை வரிசையாக எடுத்து வைத்தால், பாராட்டிவிட்டு, ஈப்போவில் ஆள் ஏற்றி ஓட்டினீர்களா என்று மெல்லக் கேளுங்கள். அப்படி ஓடியதால் மட்டும் வண்டியை ஒதுக்க வேண்டியதில்லை. விலையைத்தான் அதற்கேற்பப் பேச வேண்டும்.

காகிதம் சொல்லாததை நம் மண் சொல்லும். தோட்டத்துச் செம்மண் சாலையில் ஓடிய வண்டியின் அடிப்பாகத்தில் செம்புழுதி படிந்திருப்பது இயல்பு, அதைக் கண்டு மிரள வேண்டாம். ஆனால் ஓட்டுநர் இருக்கையின் தண்டவாளத் திருகாணிகளில் துரு, இருக்கைப் பட்டையைக் கடைசி வரை இழுத்தால் அடிப்பகுதியில் ஒரே மட்டத்தில் சேற்றுக்கோடு, கம்பளத்துக்கு அடியில் மெல்லிய வண்டல் என்று மூன்றும் சேர்ந்திருந்தால் அது வெள்ளத்தில் நின்ற வண்டி. 2014 டிசம்பரில் கிழக்குக் கரையும் 2021 டிசம்பரில் ஷா ஆலாம், கிள்ளான் பகுதிகளும் மூழ்கியபோது எத்தனையோ கார்கள் தண்ணீரில் நின்றன. அப்படிப்பட்ட வண்டியைக் கழுவித் துடைத்துத் தொலைவான ஊருக்குக் கொண்டுபோய் விற்பது பழைய தந்திரம். இன்னொன்று இங்கே மட்டும் பார்ப்பது: பின் பூட்டில் உர மூட்டை ஏற்றிய வண்டிகள். யூரியாவும் பொட்டாஷும் சிந்தி, ஈரம் பட்டு, ஸ்பேர் டயர்க் குழியை உள்ளிருந்தே தின்றுவிடும். மேலே புதுக் கம்பளம் பளபளக்கும்; தூக்கிப் பார்த்தால் தரை பிஸ்கட் போல உதிரும். எந்த பி5 தாளிலும் இது வராது.

மைவிக்குப் பதிலாகப் பழைய ஹோண்டா சிட்டியோ ஜாஸோ பார்க்க நேர்ந்தால் மட்டும் ஒன்றை மறக்காதீர்கள். தக்காத்தா நிறுவனத்தின் காற்றுப்பை ஊதுகலன்கள் வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இடங்களில் காலப்போக்கில் கெட்டு, விபத்தின்போது வெடித்து இரும்புத் துண்டுகளை வீசக்கூடியவை. 2014இல் மலேசியாவிலேயே ஹோண்டா சிட்டி ஒன்றில் அப்படி ஓர் உயிர் போயிற்று. அவற்றை இலவசமாக மாற்றித் தர வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. சேசிஸ் எண்ணைக் கொடுத்தால் மாற்றியாயிற்றா இல்லையா என்று தெரிந்துவிடும். எந்தக் காரானாலும், சாவியைத் திருப்பியதும் காற்றுப்பை விளக்கு எரிந்து சில விநாடிகளில் அணைய வேண்டும். எரியாமலே இருந்தால் அணையாமல் இருப்பதைவிட மோசம், யாரோ விளக்கையே கழற்றியிருக்கிறார்கள்.

வியாபாரியிடம் வாங்கியிருந்தால் ஏமாந்த பிறகும் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம். உங்களுக்கு விற்பவர் தனி ஆள் என்பதால் அந்தக் கதவு திறக்காது. பார்ப்பதையெல்லாம் பணம் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். முன்பணம் கேட்டால், புதிய பரிசோதனைத் தாள் வந்தபின் என்று சொல்லிவிடுங்கள். பெயர் மாற்றத்தன்று இருவரும் ஜேபிஜேயில் கைரேகை வைத்து முடித்த பிறகே மீதிப் பணம் கைமாறட்டும்.

கடைசியாக, அந்த நான்கு மாதத் தாளுக்கே திரும்பி வருகிறேன். சொந்தக் காரை யாரும் சும்மா பி5க்குக் கொண்டுபோக மாட்டார்கள். வாங்க ஆள் அமைந்து, விலை பேசி, பெயர் மாற்றும் நாள் நெருங்கும்போதுதான் அந்தத் தாள் எடுக்கப்படும். ஆக, நான்கு மாதங்களுக்கு முன் உங்களைப் போலவே ஒருவர் இந்த மைவியைப் பரிசோதனை வரை கொண்டுபோய்விட்டு, வாங்காமல் திரும்பியிருக்கிறார். கடன் கிடைக்காமல் போயிருக்கலாம், வீட்டில் ஒப்பாமல் இருந்திருக்கலாம். போமன் ஒருவர் அடியில் படுத்து எதையோ பார்த்துவிட்டும் இருக்கலாம். விற்பவரிடம், "அண்ணே, அப்போது எடுக்க வந்தவர் யார், ஏன் விட்டுவிட்டார்?" என்று கேளுங்கள். நம் ஊர் சிறியது. அந்த ஆள் எந்தத் தோட்டத்துக்காரர் என்று தெரிந்தால், சாயங்காலம் தேநீர்க் கடையில் அவரைப் பிடித்துவிடலாம்.